சிசிஎன்ஏ தேர்வுக்கு வாங்கியவையும் வீணாக வாங்கியவையும்

சிசிஎன்ஏ என்பது நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் சான்றிதழ்த் தேர்வு. அதற்கான கட்டணம் 300 அமெரிக்க டாலர். வரியையும் சேர்த்து என் கணக்கிலிருந்து போன தொகை 30,000 ரூபாயை நெருங்கியது. கணினி உதவிப் பிரிவில் இரவுப் பணி பார்ப்பவனுக்கு அது யோசித்துச் செலவிட வேண்டிய பணம். நானோ அதை இரண்டு முறை கட்டினேன். முதல் முறை தோற்றதற்கு உழைப்புக் குறைவைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஐந்து மாதங்கள், பணி முடிந்து வந்து தூங்கி எழுந்த பிறகு தினமும் இரண்டு மணி நேரம் படித்தேன். ஆனால் நான் நம்பியிருந்தவை எல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தன. ஒன்றுகூட என்னைக் கேள்வி கேட்கவில்லை. அந்த இரண்டு சுற்றுகளிலும் காசு கொடுத்தும் இலவசமாகவும் பயன்படுத்திய பயிற்சி வகுப்பு, காணொளி, புத்தகம், மென்பொருள், பழைய ஸ்விட்ச் (கணினிகளை ஒரே வலையில் இணைக்கும் கருவி), மாதிரித் தேர்வு ஆகியவற்றை என் அனுபவத்தின்படி இங்கே மதிப்பிடுகிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன் படிக்க வேண்டியது சிஸ்கோ தன் தளத்தில் இலவசமாகத் தரும் பாடத்திட்ட ஆவணம். சில பக்கங்களே உள்ள அதை நான் முதல் சுற்றில் திறந்துகூடப் பார்க்கவில்லை. இப்போதைய தேர்வின் எண் 200-301. பல கிளைகளாகப் பிரிந்திருந்த பழைய சிசிஎன்ஏ தேர்வுகளை ஒன்றாக்கி 2020 பிப்ரவரி 24 அன்று இது நடைமுறைக்கு வந்தது. 2024 ஆகஸ்ட் 20 முதல் 1.1 என்ற திருத்திய பதிப்பு நடக்கிறது. ஆறு பகுதிகளில் ஐபி இணைப்புக்கு மட்டும் 25 சதவீதம், நெட்வொர்க் அடிப்படைகளுக்கும் நெட்வொர்க் அணுகலுக்கும் தலா 20, பாதுகாப்புக்கு 15, ஐபி சேவைகளுக்கும் தானியக்கத்துக்கும் தலா 10. இந்த எண்களைவிடப் பயனுள்ளவை, ஒவ்வொரு தலைப்பின் முன்னும் நிற்கும் வினைச்சொற்கள். ஒற்றைப் பகுதி ஓஎஸ்பிஎஃப்பை (ரவுட்டர்கள் பாதைகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் முறை) "அமைத்துச் சரிபார்க்க" வேண்டும் என்கிறது ஆவணம். எஃப்எச்ஆர்பியின் (ஒரு ரவுட்டர் நின்றுபோனால் இன்னொன்று அதன் இடத்தை எடுக்கும் ஏற்பாடு) நோக்கத்தையும் செயல்பாட்டையும் "விவரிக்க" முடிந்தால் போதும் என்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல், அந்த ஏற்பாட்டின் ஒரு வகையான எச்எஸ்ஆர்பியின் கட்டளைகளை மனப்பாடம் செய்ய ஒரு வாரத்தைச் செலவிட்டேன். அந்த வாரம் ஏசிஎல் (எந்தத் தரவை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற விதிப் பட்டியல்) பயிற்சிக்குப் போயிருந்தால் முதல் மதிப்பெண் தாள் வேறு மாதிரி வந்திருக்கலாம்.

அடுத்தது பயிற்சி நிறுவனம். பெயர் வேண்டாம், இதைப் போன்றவை ஊருக்கு நான்கு இருக்கின்றன. 18,000 ரூபாய் கட்டி வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியர் ஐபி முகவரியையும் நெட்வொர்க் வேலையை ஏழாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ அடுக்குகளையும் நன்றாகவே நடத்தினார். ஆனால் பாதைகளைப் பகிரும் இன்னொரு முறையான ஈஐஜிஆர்பிக்கு இரண்டு முழு வகுப்புகள் ஒதுக்கியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அது 2020-க்கு முந்தைய 200-125 தேர்வின் பாடம்; இப்போதைய பாடத்திட்டத்தில் அதை அமைக்கச் சொல்லும் தலைப்பே இல்லை. யூடியூபில் தமிழில் கிடைக்கும் வகுப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே சோதனை உதவும்: ஈஐஜிஆர்பியும் பிபிபியும் (இரண்டு ரவுட்டர்களை நேரடியாக இணைக்கும் முறை) பெரும் பகுதியாக இருந்தால் அந்தத் தொகுப்பு பழையது. கருத்துகளைத் தாய்மொழியில் ஒருமுறை கேட்டுத் தெளிவது நல்லதுதான், அதை நான் குறை சொல்லமாட்டேன். பழைய பாடத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்வதால் இந்தத் தேர்வுக்குப் பயனில்லை என்பதுதான் என் வருத்தம்.

வகுப்பின் கடைசி வாரத்தில் எல்லோருடைய வாட்ஸ்அப்புக்கும் ஒரு பிடிஎஃப் வந்தது. "டம்ப்" என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். தேர்விலிருந்து கசிந்த கேள்விகளின் தொகுப்பு என்பது அதன் பொருள். நேர்மையை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சரக்காக மட்டும் பார்த்தாலும் அது மட்டமான சரக்கு. திறந்து பார்த்த முதல் பத்துப் பக்கங்களுக்குள் தவறான விடைகள் மூன்று தென்பட்டன; ஏன் அந்த விடை என்ற விளக்கம் ஓரிடத்திலும் இல்லை. போதாததற்கு, இத்தகைய கோப்பைப் பயன்படுத்தியது தெரிந்தால் முடிவை ரத்துசெய்யவும், இனிவரும் தேர்வுகளை எழுதவிடாமல் தடுக்கவும் சிஸ்கோவின் விதிகளில் இடமுண்டு. கோப்பை அழித்துவிட்டேன். கட்டிய 18,000 ரூபாய் திரும்பவில்லை.

இலவசக் காணொளிகளில் ஜெரமிஸ் ஐடி லேப் என்ற யூடியூப் தொடரைப் பலரும் பரிந்துரைப்பார்கள். நானும் பரிந்துரைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அறுபதுக்கும் மேற்பட்ட "நாட்களாக" பிரிக்கப்பட்ட தொடர் அது. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் சிறு வினாடி வினா, தனியாக ஒரு செய்முறைக் காணொளி, அதற்கான பேக்கட் ட்ரேசர் (கணினித் திரையிலேயே நெட்வொர்க்கை அமைத்துப் பழகும் சிஸ்கோ மென்பொருள்) கோப்பு, மனப்பாட அட்டைகள் என்று எல்லாம் கிடைக்கும். ஆங்கிலம் நிதானமானது, வசன வரிகளை ஓடவிடாமலே எனக்குப் புரிந்தது. நாள் என்று பெயர் இருப்பதை நம்பி அறுபது நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வேலைக்குப் போகிறவருக்கு ஒரு "நாள்" பாடம் மூன்று நாள் எடுக்கும். என் தவறு வேகத்தில் இல்லை, பார்த்த விதத்தில் இருந்தது. செய்முறைக் காணொளியைச் சினிமா பார்ப்பதுபோல் பார்த்தேன். அவர் கட்டளையைத் தட்டுவார், பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகும், நான் தலையாட்டுவேன். தலையாட்டிய ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிந்துவிட்டதாக ஒரு நிறைவு வேறு. தேர்வில் வெற்றுத் திரையைக் காட்டி இரண்டு ரவுட்டர்களுக்கு இடையே ஓஎஸ்பிஎஃப் பேச வை என்ற நிலை வந்தால் அந்த நிறைவு எந்த உதவிக்கும் வராது.

தோல்வியுற்றால் சிஸ்கோ தரும் முடிவுத் தாளில் பகுதி வாரியாகச் சதவீதம் இருக்கும். என்னுடையதில் நெட்வொர்க் அடிப்படைகளில் நல்ல எண். ஐபி இணைப்பில் பாதிக்கும் கீழே. அதாவது, கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியதில் தேறியிருந்தேன், கையால் செய்து பழக வேண்டியதில் சறுக்கியிருந்தேன். மறு தேர்வுக்கு ஐந்து நாட்கள் காத்திருந்தால் போதும் என்பது விதி. நான் மூன்று மாதங்கள் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் சுற்றில் முதலில் வாங்கியது வெண்டல் ஓடம் எழுதி சிஸ்கோ பிரஸ் வெளியிடும் அதிகாரபூர்வ வழிகாட்டியின் இரண்டு தொகுதிகள். முதல் தொகுதியில் ஸ்விட்சிங், சப்நெட்டிங் (ஐபி முகவரிகளைச் சிறு பிரிவுகளாகப் பிரிக்கும் கணக்கு), ரவுட்டிங், ஐபிவி6. இரண்டாவதில் ஏசிஎல், பாதுகாப்பு, ஐபி சேவைகள், தானியக்கம். செங்கல் கனத்தில் இருக்கும் இவற்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நாவல்போல் படிக்க முயன்றவர்கள் பலர் மூன்றாவது அத்தியாயத்திலேயே நின்றுவிடுகிறார்கள்; அதில் அவர்களுடைய குறை ஒன்றுமில்லை. நடை வறண்டது, ஒரே கருத்தை மூன்று கோணங்களில் திரும்பத் திரும்பச் சொல்வது. ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் "இது உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமா" என்ற சிறு வினாத்தொகுப்பு இருக்கிறது. அத்தியாயத்தைப் படிக்காமல் முதலில் அதை எழுதுவேன். எல்லாம் சரியென்றால் கடைசியிலுள்ள கட்டளைப் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தாண்டிவிடுவேன். ஒன்றிரண்டு தவறினால் அந்தப் பிரிவை மட்டும் படிப்பேன். இப்படிப் பயன்படுத்தினால் இந்தப் புத்தகத்துக்கு இணை இல்லை. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் முதல் பதிப்பை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முதல் தொகுதியின் பெரும்பகுதி இன்றும் செல்லும், 1.1 பதிப்புக்கு ஏற்ப 2024-இல் வந்த இரண்டாம் பதிப்பை, தானியக்கப் பகுதிக்காகவாவது, இரண்டாவது தொகுதிக்கு வாங்குவது நல்லது.

இந்த மதிப்பீட்டில் முழு மதிப்பெண் நான் கொடுப்பது பேக்கட் ட்ரேசருக்கு. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் இலவசம். என் எட்டு ஜிபி ராம் கொண்ட பழைய மடிக்கணினியில் முனகாமல் ஓடியது. இதில் எனக்குப் பாடம் நடத்தியது ஒரு ஆரஞ்சு நிறப் புள்ளி. ஸ்விட்சில் ஒரு கணினியைக் கேபிளால் இணைத்ததும் கணினிப் பக்கம் பச்சை முக்கோணம் வந்துவிடும், ஸ்விட்ச் பக்கம் மட்டும் ஆரஞ்சுப் புள்ளியாகவே நிற்கும். முதல் சுற்றில், நேரத்தை முன்னோக்கி ஓட்டும் பொத்தானை அழுத்தி அதைப் பச்சையாக்கிவிட்டு வேலையைப் பார்த்தேன். இரண்டாம் சுற்றில் ஒருநாள் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்: முப்பது விநாடி. கேட்பதற்குப் பதினைந்து, கற்பதற்குப் பதினைந்து என்று, ஸ்விட்ச்களுக்கிடையே தரவு வட்டமடிக்காமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ பாடத்தில் பத்து முறை படித்த எண் கண்ணெதிரே கழிந்தது. அதன்பின் போர்ட்ஃபாஸ்ட் கட்டளையைக் கொடுத்துவிட்டுக் கேபிளைப் பிடுங்கிச் செருகினால் புள்ளி உடனே பச்சையானது. இனி அந்தக் கட்டளை எதற்கென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதைவிட நல்ல பாடம் ஒரு தவறிலிருந்து வந்தது. இரண்டு ஸ்விட்ச்கள், நடுவே ஒரு டிரங்க் (பல விலான்களின் தரவைச் சுமக்கும் இணைப்பு), அதில் 10, 20 என்ற இரண்டு விலான்களை (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனித்தனி வலைகள்) அனுமதித்திருந்தேன். மூன்றாவதாக 30-ஐச் சேர்க்க, "ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலான் 30" என்று இரண்டு பக்கமும் தட்டினேன். 30-இல் இருந்த கணினிகள் ஒன்றையொன்று பிங் செய்தன. திருப்தியோடு கோப்பைச் சேமித்துவிட்டுப் பணிக்குப் போய்விட்டேன். மறுநாள் அதே கோப்பில் வேறொன்றைச் செய்யும்போது 10-இல் எதுவும் போகவில்லை. ஐபி முகவரியைப் பார்த்தேன், கேபிளை மாற்றினேன், ஸ்விட்சையே அழித்துவிட்டு வேறொன்றை வைக்கவும் பார்த்தேன். முக்கால் மணி நேரம் கழித்து "ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க்" அடித்தபோது, அனுமதிக்கப்பட்ட விலான் என்ற இடத்தில் 30 மட்டும் தன்னந்தனியாக நின்றது. "ஆட்" என்ற ஒரு சொல்லை விட்டதால், சேர்ப்பதற்குப் பதில் பட்டியலையே மாற்றி எழுதியிருக்கிறேன். நான் சோதித்தது புதிதாகச் செய்ததை மட்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததைச் சோதிக்கவில்லை. இதே கட்டளையைப் பற்றிய எச்சரிக்கை காணொளியிலும் இருந்தது, புத்தகத்திலும் இருந்தது. இரண்டையும் கடந்துதான் வந்திருந்தேன். அலுவலகத்தில் இந்தத் தவறைச் செய்திருந்தால் ஒரு மாடி முழுவதும் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

பேக்கட் ட்ரேசருக்கும் எல்லை உண்டு. அது சிஸ்கோ கருவிகளின் இயங்குதளமான உண்மையான ஐஓஎஸ்ஸை ஓட்டுவதில்லை, அதுபோல நடிக்கிறது. ஆகவே சில கட்டளைகளை ஏற்காது, சில வெளியீடுகள் குறைவாகவே வரும். இதைக் காரணம் காட்டி உண்மையான இயங்குதளத்தையே ஓட்டும் ஜிஎன்எஸ்3 அல்லது ஈவ்-என்ஜி மென்பொருளுக்குத் தாவச் சொல்பவர்கள் உண்டு. அந்த மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் அதில் ஏற்ற வேண்டிய சிஸ்கோ இயங்குதளக் கோப்புகள் முறைப்படி இலவசமில்லை. சிஸ்கோவின் இதேபோன்ற மென்பொருளான சிஎம்எல்லில் ஐந்து கருவிகள்வரை இலவசப் பதிப்பு இருக்கிறது என்றாலும் அதற்கு வலுவான கணினி வேண்டும். சிசிஎன்ஏ அளவுக்கு இவை அவசியமில்லை.

அப்படியானால் நிஜ ஸ்விட்ச்? ரிச்சி தெருவில் 4,000 ரூபாய்க்கு ஒரு பழைய 2960 வாங்கினேன். தேர்வுக்கு அது தேவைப்பட்டதா என்று கேட்டால், இல்லை. வாங்கியதற்கு வருந்துகிறேனா என்று கேட்டால், அதுவும் இல்லை. ஸ்விட்சை அமைக்க உதவும் கன்சோல் கேபிளை மாட்டி, 9600 என்ற வேகத்தை புட்டி (PuTTY) என்ற மென்பொருளில் கொடுத்து இணைத்ததும் அது கடவுச்சொல் கேட்டது. விற்றவருக்குத் தெரியவில்லை. மின்சாரத்தைத் துண்டித்து, முன்பக்கமுள்ள மோட் பொத்தானை அழுத்தியபடியே மீண்டும் செருகி, அமைப்புக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு இயங்கவைக்கும் முறையைத் தேடிப் படித்துச் செய்தேன். உள்ளே போய்ப் பார்த்தால், யாரோ ஒரு நிறுவனத்தின் இரண்டாம் மாடி பிரின்டர், கணக்குப் பிரிவு என்று ஒவ்வொரு போர்ட்டுக்கும் குறிப்பு அப்படியே இருந்தது. பழைய கருவியை விற்பவர்கள் முதலில் அதை அழித்துவிட வேண்டும் என்பதைப் பாதுகாப்புப் பாடத்தைவிட அந்தத் திரை எனக்கு நன்றாகச் சொன்னது. இரவு அதை ஓடவிட்டபோது அம்மா எழுந்து வந்து, "அதை அணைச்சுட்டுப் படுடா, கிரைண்டர் ஓடுற மாதிரி இருக்கு" என்றார். இப்போது அது பரணில் இருக்கிறது. 4,000 ரூபாயை எண்ணிப் பார்க்க வேண்டிய நிலையில் இருப்பவர் இதை வாங்க வேண்டாம்.

சப்நெட்டிங்குக்குப் பாடப்பொருள் என்று எதையும் வாங்காதீர்கள். ஒரு சிறு நோட்டும் பேனாவும் போதும். 172.16.35.123/20 என்ற முகவரியை எடுத்துக்கொண்டால், /20 குறிக்கும் மாஸ்க்கின் (255.255.240.0) மூன்றாம் எண் 240. 256-இல் கழித்தால் 16. பதினாறின் மடங்குகளில் 35-க்கு முன்னால் நிற்பது 32. ஆகவே நெட்வொர்க் 172.16.32.0, பிராட்காஸ்ட் (எல்லாக் கருவிகளுக்கும் ஒருசேர அனுப்பும் முகவரி) 172.16.47.255, கருவிகளுக்கு 4,094 முகவரிகள். இதைப் புரிந்துகொள்ளப் பத்து நிமிடம் போதும். முப்பது விநாடிக்குள் செய்ய இரண்டு மாதம் ஆகும். நான் பேருந்தில் போகும்போது முன்னால் போகும் வண்டிகளின் எண்களை ஐபி முகவரியாக்கிக் கணக்குப் போட்டுப் பழகினேன். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம், ஆனால் பலன் கிடைத்தது.

மனப்பாட அட்டைகளுக்கு ஆன்கி என்ற செயலி. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. தெரிந்த அட்டையைத் தள்ளித் தள்ளியும் தெரியாததை அடுத்தடுத்தும் காட்டும். ஓஎஸ்பிஎஃப்பின் ஹலோ 10 விநாடி, டெட் 40 விநாடி. அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸில் (எந்த வழியில் தெரிந்த பாதையை முதலில் நம்புவது என்ற எண்) ஸ்டாடிக்குக்கு 1, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. சிஸ்லாக்கின் (கருவி பதியும் செய்திகள்) 0 முதல் 7 வரையிலான நிலைகள் என்று யோசித்துக் கண்டுபிடிக்க முடியாதவற்றுக்கு இது சரியான இடம். ஆயத்த அட்டைத் தொகுப்பை இறக்கி, தினம் இருநூறு அட்டை வந்து குவிந்து, இரண்டு வாரத்தில் செயலியையே திறக்காமல் விட்ட அனுபவம் எனக்கு உண்டு. பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நான் தவறவிட்டவற்றை மட்டும் அட்டையாக்கினேன். அந்த டிரங்க் தவறும் ஓர் அட்டையாக இருந்தது.

மாதிரித் தேர்வுகளில் போசன் எக்ஸிம் வாங்கினேன். நூறு டாலரை ஒட்டிய விலை. இந்தப் பட்டியலில் யோசித்து யோசித்து வாங்கியது இதுதான். கேள்விகள் கடினமானவை, சில இடங்களில் வேண்டுமென்றே சுற்றி வளைப்பவை. காசு கொடுத்தது கேள்விகளுக்காக என்று சொல்வதைவிட விளக்கங்களுக்காக என்று சொல்லலாம்: சரியான விடை ஏன் சரி என்பதோடு, மற்ற மூன்றும் ஏன் தவறு என்றும் அரைப் பக்கம் எழுதியிருப்பார்கள். முதல் முயற்சியில் நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்து ஒருநாள் புத்தகத்தையே தொடவில்லை. ஒரே தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதி மதிப்பெண் ஏறுவதைப் பார்த்து மகிழாதீர்கள். மூன்றாம் முறை நினைவுக்கு வருவது கேள்வியே தவிரப் பாடமன்று. அலுவலகத்தில் இளையவர் ஒருவர், "அண்ணா, இவ்வளவு காசு போட்டு இதை வாங்கத்தான் வேணுமா?" என்று கேட்டார். முதலில் பேக்கட் ட்ரேசரில் வெற்றுத் திரையிலிருந்து தொடங்கி, எந்தக் குறிப்பையும் பார்க்காமல் இரண்டு விலான், ஒரு டிரங்க், ஓஎஸ்பிஎஃப், ஓர் ஏசிஎல், ஒரு நாட் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் ஏற்பாடு) ஆகியவற்றை ஒரு மணி நேரத்துக்குள் அமைத்துக் காட்டச் சொன்னேன். அது முடிகிறவருக்குத்தான் மாதிரித் தேர்வு பயன்படும்; அதற்குமுன் வாங்கினால் அது இன்னொரு டம்பாகிவிடும்.

தேர்வை வீட்டிலிருந்தும் எழுதலாம், தேர்வை நடத்தித் தரும் பியர்சன் வியூ நிறுவனத்தின் மையத்துக்குப் போயும் எழுதலாம். மின்வெட்டையும் பக்கத்து வீட்டு மிக்சியையும் நினைத்து இரண்டு முறையும் மையத்தையே தேர்ந்தெடுத்தேன். 120 நிமிடம், விடையளித்து அடுத்ததற்குப் போய்விட்டால் முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியாது. மேற்கொண்டு கேள்விகளைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் உட்கார்கிறோம். மையத்தில் அழித்து எழுதும் பலகையும் பேனாவும் தந்தார்கள். முதல் முறை அதை இரண்டு பக்கமும் நிரப்பிவிட்டு, வேறு பலகை கேட்டுக் கையைத் தூக்கியபடி மூன்று நிமிடம் காத்திருந்தேன். இரண்டாம் முறை தொடக்கத்திலேயே 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று ஒரு வரியும் அதன் கீழே மாஸ்க் எண்களும் எழுதி வைத்துக்கொண்டேன். தேர்வு முடியும்வரை அந்தப் பலகையைத் திரும்பிப் பார்த்தது இரண்டு முறைதான்.